கல்லுக்கு அப்பால் பதினாறு வரிசை

நான் வேலை செய்த திராட்சைத் தோட்டத்தில் இருபது வரிசைகள் இருந்தன. நான்கு ஜெர்மனியில், பதினாறு பிரான்சில். நடுவில் வேலி கிடையாது. நான்காவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் இடையே, புல்லுக்குள், முழங்கால் உயரத்தில் ஒரு பழைய எல்லைக்கல் நின்றது. பிரான்சைப் பார்த்த பக்கத்தில் எஃப் என்ற எழுத்தை வெட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்து எழுத்தைப் பாசி மூடிவிட்டது. அந்தக் கல்லைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை.

என்னிடம் இருந்தது டுல்டுங். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட ஆளை உடனே திருப்பி அனுப்ப வழியில்லாதபோது கொடுக்கும் காகிதம் அது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடும். இப்போதைக்கு உன்னை அனுப்பவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜெர்மனியை விட்டு வெளியே போனால் அந்தக் காகிதம் அந்தக் கணமே செல்லாமல் போய்விடும். திரும்பி வருகிறவள் களவாக நுழைந்தவள். என் வழக்கறிஞர் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை கதிரையை விட்டு எழுந்து நின்று சொன்னார்.

பாரிசுக்குப் பக்கத்தில் என் தங்கை இருக்கிறாள். ரயிலில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தது பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டது. நான் இரண்டையும் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரி ஒரு பிரெஞ்சுப் பெண். அறுபது வயதைத் தாண்டியவர். நான் அவரை மதாம் என்றே கூப்பிட்டேன். ஜெர்மன்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து எல்லையோரத்து ஊருக்கு வந்து, கணவர் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். வீடு, மூலிகைப் பாத்தி, மூன்று பசுக்கள் எல்லாம் ஜெர்மன் பக்கம். அவருடைய தகப்பன் வைத்த பதினாறு வரிசைகளும், வைன் செய்யும் நிலவறையும் பிரெஞ்சுப் பக்கம். ஒரே ஒரு வைன்தான் செய்தார். பினோ நுவார் பழத்தில் செய்யும் சிவப்பு வைன். போத்தலில் பிரெஞ்சு வைன் என்று எழுத வேண்டுமானால் பழமும் பிரான்சில் காய்த்திருக்க வேண்டும். ஆகவே நான் வேலை செய்த நான்கு வரிசைப் பழம் அந்த வைனுக்குள் போகாது. அதே சரிவு, அதே மண், அதே கொடிதான். இருந்தாலும் அந்த நான்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய தொட்டிக்குப் போய்ச் சேரும்.

வேலை அனுமதிக்காக மதாம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு என்னோடு நான்கு முறை வந்தார். கடைசியில் கிடைத்தது. வேலை செய்யும் இடம் ஜெர்மன் பகுதி மட்டும் என்று அதில் தடித்த எழுத்தில் அடித்திருந்தது. மாட்டுக் கொட்டிலுக்கு மேலே ஒரு அறையும் கிடைத்தது. ஐந்து பெண்களோடு ஒரு குளியலறையைப் பகிர்ந்த முகாமுக்குப் பிறகு அது பெரிய விஷயம். அறையின் யன்னல் மேற்கே பார்த்தது. காலையில் திரையை விலக்கினால் பிரெஞ்சு ஊரின் தேவாலயக் கோபுரம் தெரியும். பிறகு திரையை மூடியே வைக்கப் பழகிவிட்டேன்.

மதாமின் தோட்டம் பயோடைனமிக் முறையில் நடந்தது. இரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. சந்திரன் எங்கே நிற்கிறது என்று நாள்காட்டி பார்த்துத்தான் மண்ணைக் கொத்துவார்கள். காஞ்சோண்டி இலையை ஊறவைத்த தண்ணீர், குதிரைவால் புல்லை அவித்த தண்ணீர் என்று கொடிகளுக்குக் கசாயம் தெளிப்பார்கள். அவற்றைத் தயாரிப்பது என் வேலை. எல்லாவற்றிலும் பெரிய வேலை கொம்புச் சாணம். பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள். வசந்தத்தில் எடுக்கும்போது அது காட்டு மண் மாதிரி மணக்கும். அதில் ஒரு பிடியை இளஞ்சூடான மழைத்தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். வலப்பக்கமாகச் சுற்றி, நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும் சட்டென்று நிறுத்தி இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஒரு மணி நேரமும் கை ஓயக்கூடாது. கலக்கி முடித்ததை முதுகில் மாட்டும் தாங்கியில் ஊற்றிக் கொடுப்பேன். அதைக் கொண்டுபோய்ப் பதினாறு வரிசைக்கும் தெளிப்பது கூட வேலை செய்த இன்னொரு தமிழர். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணை மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். முப்பது வருடத்துக்கு முன்பு அகதியாக வந்து, நானிருந்த மாதிரியே இருந்து, இப்போது ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். கல்லைத் தாண்டும்போது கீழே குனிந்தும் பார்க்கமாட்டார். ஆனால் கொம்புத் தண்ணீரை முதுகில் ஏற்றியதும் சிலுவை போட்டுக்கொள்வார்.

“இதிலை உங்களுக்கு நம்பிக்கை இருக்கோ அண்ணை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லைத் தங்கச்சி. அதுதான் போடுறன். இவன் வேறை ஆருக்கோ பூசை வைக்கிறான் எண்டு மேலை இருக்கிறவர் நினைக்கக் கூடாது” என்றார்.

வைன் வாங்க வரும் ஜெர்மன்காரர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். கல்லைக் கண்டதும் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்துச் சிரிப்பார்கள். கொடிகளுக்கு எல்லை தெரியாதல்லவா என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். படம் எடுக்கத் தொலைபேசியை என்னிடம்தான் நீட்டுவார்கள். ஒரு பெண்மணி, வெயில் முகத்தில் விழவேண்டும், கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நின்று எடுங்களேன் என்று கேட்டார். இங்கிருந்தே நன்றாக வருகிறது என்று சொல்லி நின்ற இடத்திலேயே எடுத்துக் கொடுத்தேன். அவருடைய முகம் படத்தில் கருப்பாக விழுந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது இரண்டாவது வருடத்தைப் பற்றி. அந்த வருடம் கவாத்து முடிந்து, கம்புகளை வளைத்துக் கம்பியில் கட்டி, துளிர் வந்தது வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மே மாதத்தில் மழை பிடித்தது. பூக்கும் காலத்திலும் விடவில்லை. மழைக்குப் பின்னால் பூஞ்சணம் வரும். இலையில் முதலில் எண்ணெய் பட்டது மாதிரி ஒரு மஞ்சள் வட்டம் தெரியும். பிறகு அடியில் வெள்ளையாகப் பூக்கும். பிஞ்சுக்கு இறங்கினால் அந்த வருடத்து வைன் இல்லை. மற்றத் தோட்டக்காரர்கள் மருந்தடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எங்களிடம் இருந்தது கொஞ்சம் செம்புக் கரைசலும் நான் அவித்த குதிரைவால் தண்ணீரும்தான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்பத் தெளிக்க வேண்டும். என் நான்கு வரிசையைத் தினமும் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன். மற்றப் பதினாறும் எப்படி இருக்கின்றன என்று அண்ணையிடம் கேட்டு அறிவேன்.

அந்த வருடம் எனக்கு வேறொன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. தொடர்ந்து வேலை செய்து, தண்டனை எதுவும் இல்லாமல் இருந்தால் இரண்டரை வருடத்துக்கு ஒரே தடவையில் காகிதம் கொடுக்கும் சட்டம் ஒன்று இருந்தது. வழக்கறிஞர் அதற்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டிருந்தார். நவம்பரில் டெர்மின், அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டிய நாள். “அதுவரை பாடப்புத்தகத்தில் வரும் நல்ல பிள்ளையாக இருங்கள்” என்றார்.

ஜூன் கடைசியில் ஒரு காலை. மூன்று நாள் பெய்து ஓய்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் அடுத்த மழை என்று சொல்லியிருந்தார்கள். மதாம் நிலவறைக்குப் போயிருந்தார். அண்ணை சங்கிலிப் பட்டை போட்ட சின்ன ட்ராக்டரில் கசாயத் தொட்டியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் தெளித்துக்கொண்டிருந்தார். நான் நான்காவது வரிசையில் கிளைகளைக் கம்பிக்குள் செருகிக்கொண்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் நான்கு வரிசை இருந்தது. கொடிகளுக்கு இடையால் வண்டியும், மேலாக அவருடைய தொப்பியும் நகர்ந்துபோவது தெரிந்தது.

களிமண் அவருக்குக் கீழே விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தேன். அவர் இருக்கையில்தான் இருந்தார். வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சரிவின் பக்கமாக அது வழுக்கி, ஒரு கணம் நின்று, அப்படியே ஆறுதலாகச் சாய்ந்தது. தொப்பி தெரியவில்லை. பிறகு இயந்திரத்தின் சத்தமும் நின்றது.

“அண்ணை” என்று கூப்பிட்டேன்.

“கால், தங்கச்சி” என்று குரல் வந்தது. “இழுத்து எடுத்திட்டன். ஆனால் ரத்தம் நிக்குதில்லை.”

நான் கல்லடியில் நின்றுகொண்டு அவசர எண்ணுக்கு அடித்தேன். ஜெர்மன் பெண் ஒருத்தி எடுத்தாள். எங்கே என்று கேட்டாள். ஊரைச் சொன்னேன். ஆனால் ஆள் விழுந்திருப்பது பிரான்சில் என்றும் சொன்னேன்.

“நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?”

“ஜெர்மனியில்.”

“அவர் எவ்வளவு தூரத்தில்?”

“முப்பது மீட்டர் இருக்கும்.”

அவள் யாரோடோ பேசிவிட்டு வந்தாள். பிரெஞ்சுக்காரருக்கு அறிவித்தாகிவிட்டது, அவர்கள் வருவார்கள் என்றாள். “இப்போது அவரிடம் போங்கள். சுத்தமான துணி எதுவானாலும் சரி, காயத்தின் மேல் வைத்து உங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்துங்கள்.”

“என்னால் போக முடியாது.”

“நடுவில் ஏதாவது ஆபத்து இருக்கிறதா?”

“இல்லை.”

“அப்படியென்றால் ஏன்?”

அவளுக்கு விளக்க என்னிடம் ஜெர்மன் இருந்தது. நேரம் இல்லை. வரிசைக்கு அப்பாலிருந்து அண்ணை சத்தம் போட்டார். “நீர் வரவேண்டாம். அங்கேயே நில்லும். அவங்கள் வருவாங்கள்.” அவருடைய குரல் முதல் தடவையை விட மெலிந்திருந்தது. அந்தக் குரல்தான் என்னைத் தள்ளியது. துணிந்து போனேன் என்று பிறகு சொல்லிக்கொள்ள முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மையில், அவர் செத்துப்போனால் இந்தக் கல்லடியில் தினமும் எப்படி வேலை செய்வது என்ற பயத்தில்தான் போனேன்.

கம்பிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து நான்கு வரிசை கடந்தேன். முழங்கால்வரை சேறு. அண்ணை கொடித்தண்டில் முதுகைச் சாய்த்து இருந்தார். முகம் சாம்பலாய் இருந்தது. இரும்பு விளிம்பு ஒன்று பின்காற் சதையைக் கிழித்திருந்தது. கழுத்திலிருந்த சால்வையைக் கழற்றி மடித்து வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். கிளை கட்டும் மெல்லிய கயிறு இடுப்பில் இருந்தது. அதைச் சுற்றி இறுக்கினேன். அவர் வலியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அழுத்திக்கொண்டே இருந்தபோது கண்ணுக்கு நேரே இருந்த இலைகளைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இலைகள் சுத்தமாக இருந்தன. மஞ்சள் வட்டம் ஒன்றுகூட இல்லை. மிளகளவில் பிஞ்சுகள் பச்சையாகத் தொங்கின. இரண்டு வருடமாக நான் அவித்ததும் கலக்கியதும் எல்லாம் இவற்றின் மேல்தான் விழுந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்குப் பிறகு வெட்கப்பட்டேன்.

கீழே தெருவில் வாகனச் சத்தம் கேட்டது.

“இனிப் போம்” என்றார் அண்ணை.

“அவை இன்னும் கிட்ட வரேல்லை. கையை எடுக்க ஏலாது.”

“உமக்கு நவம்பர் மாசம் டெர்மின். உம்மடை மாதிரிக் காகிதத்தோடை இருக்கேக்கை நான் ஒருக்கா ஒரு கலியாண வீட்டுக்கு அடுத்த மாவட்டத்துக்குப் போய் மாட்டுப்பட்டனான். அதுக்கே எத்தனை கடிதம் வந்தது தெரியுமோ? போம் எண்டு சொல்லுறன்.”

சீருடைக்காரர் இருவர் பெட்டியோடு வரிசைக்குள் ஓடி வருவது தெரியும்வரை கையை எடுக்கவில்லை. ஒருவர் என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் காயத்தில் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து, கம்பிகளுக்குள் புகுந்து, கல்லைத் தாண்டி வந்துவிட்டேன்.

கொட்டிலடிப் பீப்பாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜெர்மன் எல்லைப் பொலிசின் வாகனம் வந்து நின்றது. அந்த வருடங்களில் அவர்கள் வயல் பாதைகளிலும் சுற்றினார்கள். இரண்டு பேர் இறங்கினார்கள். என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, என் காகிதத்தைக் கேட்டார்கள். சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, என் சட்டைக் கையைப் பார்த்தார்கள். முழங்கைவரை இரத்தம் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மதாமின் கார் வந்தது. நிலவறையில் தகவல் கேட்டு, அண்ணை விழுந்த இடத்துக்கும் போய்விட்டு ஓடி வந்திருந்தார். இறங்கியதும் என்னைப் பார்த்தார், பொலிசாரைப் பார்த்தார்.

“காயத்தைக் கட்டியது நான். இவள் இந்தப் பக்கத்தில் நின்று எனக்குத் துணி எடுத்துத் தந்தாள். துணியை என்னிடமிருந்து திருப்பி வாங்கும்போது பட்டது” என்றார்.

மதாமின் கைகள் சுத்தமாக இருந்தன. பொலிஸ்காரர் அதைக் கவனித்தாரா என்று இன்றுவரை தெரியாது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அண்ணையின் கால் எலும்பில் இரண்டு இடத்தில் உடைவு. சத்திரசிகிச்சை நடந்தது. நான் பார்க்கப் போகவில்லை. மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான்.

ஆகஸ்டில், பழம் பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, காப்புறுதிக்காரரின் கடிதம் வந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் இறங்கியிருக்கலாம், அப்படியானால் பிழை அவருடையது, சாட்சி யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். அவர் இருக்கையில் இருந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். அண்ணை தொலைபேசியில், “நீர் இதுக்குள்ளை வரவேண்டாம். கிடைக்கிறது கிடைக்கட்டும்” என்றார். மூன்று நாள் யோசித்தேன். பிறகு வழக்கறிஞரிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். “வண்டி சாயும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?” என்று கேட்டார். கல்லுக்கு இந்தப் பக்கம் என்றேன். “அப்படியென்றால் அதை எழுதுங்கள். அது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் யாரும் கேட்கவில்லை” என்றார்.

அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை மதாம் தன் பெயரில் எழுதிக் கையெழுத்து வைத்தார். காயத்தை அழுத்தியது, கயிறு கட்டியது, உதவி வரும்வரை கூட இருந்தது. நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினார். எவ்வளவு நேரம் அழுத்தினாய் என்று ஒரு இடத்தில் பேனாவை நிறுத்திக் கேட்டார். இருபது நிமிடம் இருக்கும் என்றேன். இருபது நிமிடம் என்று எழுதினார். காப்புறுதிக்காரர் ஒத்துக்கொண்டார்கள். மருத்துவச் செலவும் சம்பளமும் அண்ணைக்குக் கிடைத்தன.

செப்டெம்பரில் அறுவடை. பழம் வெட்ட இருபது பேர் வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் பாடுவதும் சிரிப்பதும் கேட்டது. என் நான்கு வரிசையை நான் தனியாக மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துவிட்டு, அவர்கள் திருப்பி அனுப்பிய கூடைகளைக் கழுவினேன். பழம் நன்றாக வந்திருக்கிறது, தகப்பன் காலத்துப் பழம் மாதிரி என்று மதாம் சொன்னார். ஒரு கொத்தைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். தோல் தடித்த சின்னப் பழங்கள். என் வரிசைப் பழத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணை ஊன்றுகோலோடு வந்தார். அவருடைய மனைவியும் கூட வந்தார். அந்த அக்கா ஒரு பெரிய தட்டு நிறையப் பயித்தம் பணியாரம் செய்து கொண்டுவந்திருந்தார். நேரே மதாமிடம் போய்த் தட்டைக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனில் நன்றி சொன்னார். “நீங்கள் இல்லாட்டில் இவர் இண்டைக்கு இல்லை” என்று பிறகு தமிழிலும் சொல்லி அழுதார். மதாமின் முகம் கழுத்துவரை சிவந்தது. அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு வார்த்தை போனால் எனக்கு ஆபத்து என்று அவர் வீட்டிலும் மூச்சு விட்டிருக்கவில்லை.

மதாம் தட்டை என் பக்கம் நீட்டினார். அக்காவும், “எடுங்கோ, எடுங்கோ, கூச்சப்படாதேங்கோ” என்றார். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். நல்ல பதமாய் இருந்தது. அதற்குப் பிறகு கூடைகள் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். எனக்கு நன்றி தேவை என்று நான் அதுவரை நினைத்திருக்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போய் ஒரு காரியம் செய்தேன், அதுவும் இன்னொருவருடைய பெயரில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நவம்பர் டெர்மினில் அதிகாரி ஒரு இளம் பெண். சம்பளச் சீட்டுகள், மொழிச் சான்றிதழ், மதாமின் கடிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இந்தக் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியே போனீர்களா?”

“இல்லை” என்றேன்.

அவள் ஒரு பெட்டியில் குறியிட்டாள். ஒரு மணி நேரம் வெளியே இருக்கச் சொன்னாள். கூப்பிட்டபோது புதிய காகிதம் மேசையில் இருந்தது. இரண்டரை வருடம். அதிலும் சிவப்புக் கோடு இருந்தது. நாட்டை விட்டு வெளியேறினால் செல்லாது என்ற வரியும் இருந்தது. சந்தோஷம்தானே என்று அந்தப் பெண் கேட்டாள். ஆம் என்றேன். அது பொய் இல்லை. இரண்டரை வருடத்துக்கு யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வெளியே வந்து தங்கைக்கு அடித்துச் சொன்னேன். “அப்ப வாறியே?” என்று கேட்டாள். “இல்லை, வர ஏலாது” என்றேன். அவள் மூத்ததைக் கூப்பிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தாள்.

அண்ணைக்கும் சொன்னேன். அவர், “அப்ப இனி நான் வீட்டிலை வாயைத் திறக்கலாம்” என்றார்.

இரண்டு நாள் கழித்து, நான் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த அக்காதான். வணக்கம் சொன்னார், பிறகு இன்னொரு தடவையும் வணக்கம் சொன்னார்.

“ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கோ?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா.”

“இஞ்சை சாப்பிட வாங்கோ. எங்கடை வீடு இந்தப் பக்கம்தான். பஸ்ஸிலை இருவது நிமிசம்.” பிறகு, “மீன் சாப்பிடுவியளோ?” என்றார்.

ஓம் என்றேன். பத்து மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் பன்னிரண்டுக்குத்தான், பத்து மணி பஸ்ஸையே பிடிக்கும்படி அவர் சொன்னார்.